பீரங்கிப் படையின் பாதுகாவலி புனித பார்பரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4 அன்று ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா எனப் பல நாடுகளின் பீரங்கிப் படை முகாம்களில் ஓர் இளம்பெண்ணின் பெயரால் திருப்பலியும் அணிவகுப்பும் விருந்தும் நடக்கின்றன. போர்க்களத்தையே பார்த்திராத, கையில் ஆயுதம் எடுக்காத ஒரு பெண் இத்தனை பீரங்கிகளுக்கு எப்படிப் பாதுகாவலி ஆனார்? வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் இந்தப் பார்பரா?

திருச்சபை மரபு சொல்லும் கதை இது. சிறிய ஆசியாவின் நிக்கோமீதியா நகரில் (இன்றைய துருக்கியின் இஸ்மித்) தியோஸ்கோருஸ் என்ற பெரும் பணக்காரன் இருந்தான். உரோமைத் தெய்வங்களை வணங்குபவன். அவனுடைய ஒரே மகள் பார்பரா. பேரழகி. பெண் கேட்டு வருகிறவர்களின் கண்ணில் படக்கூடாது என்று அவளை ஒரு கோபுரத்தில் பூட்டி வைத்தான். கோபுரத்தில் இருந்தபடியே அவள் கிறிஸ்தவ மறையை அறிந்து, இரகசியமாகத் திருமுழுக்குப் பெற்றாள்.

தந்தை வெளியூர் போவதற்கு முன் ஒரு குளியல் மண்டபம் கட்டச் சொல்லியிருந்தான். அதற்கு இரண்டு சன்னல் வைக்க ஏற்பாடு. அவன் இல்லாத நேரத்தில் பார்பரா கொத்தனார்களிடம் சொல்லி மூன்றாவது சன்னலையும் திறக்க வைத்தாள். திரும்பி வந்தவன் ஏன் என்று கேட்டான். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைக் குறிக்கத்தான் என்று மகள் பயமில்லாமல் பதில் சொன்னாள். அவன் வாளை உருவினான், அவள் ஓடினாள். வழியில் ஒரு பாறை பிளந்து அவளுக்கு ஒளிய இடம் தந்தது. ஆனால் ஆடு மேய்க்கும் ஒருவன் காட்டிக் கொடுத்துவிட்டான். (அவனுடைய ஆடுகள் வெட்டுக்கிளிகளாக மாறின என்று சில வடிவங்கள் சேர்த்துச் சொல்லும்.) பிறகு அதிகாரியின் முன் விசாரணை, கொடிய சித்திரவதை, மரண தண்டனை. தலையை வெட்டியது தண்டனை நிறைவேற்றும் காவலன் அல்ல. பெற்ற தந்தையே வெட்டினான். மலையிலிருந்து இறங்கும்போது வானத்திலிருந்து மின்னல் பாய்ந்து அவனைச் சாம்பலாக்கியது.

பார்பராவின் பெயரால் பின்னால் வந்த வழக்கங்களுக்கெல்லாம் இந்த மின்னல்தான் வேர்.

இது நடந்த வரலாறா?

வரலாற்று ஆதாரம் மிகக் குறைவு. மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களின், பழைய பட்டியல்களில் இவர் பெயர் இல்லை. அவர் இறந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டில்தான் கதை எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. அதிலும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஊர் நிக்கோமீதியா என்பார் உண்டு, லெபனானின் பால்பெக் என்பார் உண்டு. இறந்த ஆண்டும் 235க்குப் பக்கமா 306க்குப் பக்கமா என்பதில் ஒற்றுமை இல்லை. அப்படி ஒரு பெண் வாழ்ந்தே இருக்கவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இருந்தார் என்று நிரூபிக்கவும் முடியாது. அதற்குப் பிந்தைய பக்தி முயற்சிகளுக்கு மட்டும் கல்லிலும் ஓவியத்திலும் ஏராளமான சான்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மின்னலுக்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் மக்கள் இடி மின்னலுக்கு அஞ்சி இவரை வேண்டினார்கள். இடி இடிக்கும்போது மட்டும் சாந்தா பார்பராவை நினைப்பவன் என்று, காரியம் ஆகவேண்டியபோது மட்டும் கடவுளைத் தேடுகிறவனை ஸ்பானியர்கள் இன்றும் கிண்டல் செய்வார்கள்.

14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்க்களங்களுக்கு வெடிமருந்துப் பீரங்கி வந்தது. பளிச்சென்ற ஒளி, இடி போன்ற சத்தம், புகை, கந்தக நாற்றம், கண் மூடித் திறப்பதற்குள் சாவு. வானத்தில் மட்டும் இருந்தது இப்போது மனிதன் கையில். இடிக்கு இருந்த பாதுகாவலியையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள்.

பீரங்கி அன்று யாருக்கு ஆபத்து என்பதையும் யோசிக்க வேண்டும். எதிரிக்கு ஆபத்துதான், ஆனால் சுடுகிறவனுக்கும் அதற்குக் குறையாத ஆபத்து. ஆரம்பகாலப் பீரங்கிகளை இரும்புப் பட்டைகளை வளையங்களால் இறுக்கிச் செய்தார்கள், அல்லது கோயில் மணி வார்க்கும் ஆட்களே வெண்கலத்தில் வார்த்தார்கள். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் போதும். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த மருந்தின் வேகமும் ஒரு தடவை போல மறு தடவை இருக்காது. அளவு கொஞ்சம் கூடினால் குழாயே சிதறும். முந்தைய குண்டு போட்ட தீப்பொறி உள்ளே கிடக்கும்போது அடுத்த மருந்தைத் திணித்தால் திணித்தவன் போனான்.

1460இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டார். பீரங்கி என்றால் அவருக்கு உயிர். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தபோது அவருடைய சொந்தப் பீரங்கியே வெடித்துத் தொடை எலும்பு முறிந்து இறந்தார். அரசருக்கே இந்தக் கதி என்றால், தினமும் அதன் பின்னால் நின்றவர்களின் நிலை சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் வெற்றிக்காக இவரை வேண்டவில்லையா?

இல்லை. பலர் தவறவிடும் இடம் இது. வெற்றிக்கு வேண்ட மிக்கேல் அதிதூதர் இருக்கிறார், ஜார்ஜியார் இருக்கிறார். பார்பராவிடம் கேட்டது வேறு: ஆயத்தம் இல்லாமல் சாகக் கூடாது.

மத்தியகாலக் கிறிஸ்தவனுக்குச் சாவைவிடப் பெரிய பயம், பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நற்கருணை வாங்காமல் திடீரென்று சாவது. அதனால்தான் நல்மரணத்துக்கான பாதுகாவலியாக இவர் பெயர் பெற்றார். பல ஓவியங்களில் கையில் நற்கருணைக் கிண்ணம் வைத்திருப்பார். கொள்ளைநோய்க் காலத்தில் ஜெர்மானிய நாடுகளில் பரவிய ‘பதினான்கு துணையாளர்கள்’ என்ற புனிதர் குழுவில் இவருக்கும் இடம் கிடைத்தது. திடீர்ச் சாவு எந்தத் தொழிலில் கூடவே நிற்கிறதோ, அந்தத் தொழிலாளர்கள் எல்லாரும் இவரிடம் வந்தார்கள். பீரங்கிக்காரன் அவர்களில் ஒருவன்.

என் கணிப்பில் படைவீரர்களின் புனிதர் வரிசையில் இவர் தனித்து நிற்பது இதனால்தான். எதிரியைப் பற்றிய பேச்சே இந்தப் பக்தியில் இல்லை. தன் கையில் இருக்கும் கருவியைப் பற்றிய பயம்தான் இருக்கிறது.

படைகளுக்குள் இவர் எப்போது நுழைந்தார்?

இன்ன நாளில் என்று சொல்ல முடியாது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பீரங்கி இயக்குகிறவர்கள் சாதாரணப் படைவீரர்களாக இருக்கவில்லை. தச்சர், கொல்லர் போலத் தொழில் இரகசியம் தெரிந்த கைவினைஞர்கள், கூலி பேசி வருகிறவர்கள். மற்ற தொழிலாளர் சங்கங்களுக்கு ஒவ்வொரு பாதுகாவலர் இருந்தது போல இவர்களும் ஒருவரை வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு அழகான சாட்சி வெனிஸில் இருக்கிறது. சாந்தா மரியா ஃபொர்மோசா ஆலயத்தில் அந்நகரின் பீரங்கிக்காரர் சங்கத்துக்கு ஒரு பீடம் உண்டு. 1520களில் பால்மா வெக்கியோ என்ற ஓவியர் அதற்கு வரைந்த படத்தில், சிவப்பு மேலாடையும் தலையில் கிரீடமுமாகப் பார்பரா அரசியைப் போல நிற்கிறார். காலடியில் இரண்டு பீரங்கிகள். பின்னணியில் கோபுரம்.

கப்பல்களிலும் இப்படித்தான். மரக்கப்பலில் வெடிமருந்து வைக்கும் அறையைவிட ஆபத்தான இடம் கிடையாது. பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானிய மாலுமிகள் அந்த அறையையே சாந்தா பார்பரா என்று அழைத்தார்கள், அங்கே இவருடைய சுரூபமும் இருக்கும்.

ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் சாந்தா பார்பரா கோட்டை இருக்கிறதே, அதுவும் பீரங்கியால் வந்த பெயரா என்று கேட்பார்கள். அல்ல. காஸ்தீலியப் படை அதை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து பிடித்தது 1248 டிசம்பர் 4. திருநாளின் பெயரைக் கோட்டைக்கு வைத்துவிட்டார்கள். பீரங்கி அங்கே எட்டிப் பார்க்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

சுரங்கத் தொழிலாளர்களும் இவரைக் கொண்டாடுகிறார்களாமே. வெடிமருந்து வைத்துப் பாறை உடைப்பதாலா?

பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆண்டுக் கணக்கு ஒத்துவரவில்லை. ஐரோப்பியச் சுரங்கத்தில் வெடி வைத்துப் பாறை உடைத்ததற்குக் கிடைக்கும் முதல் உறுதியான பதிவு 1627, இன்றைய ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சாவில். ஆனால் செக் நாட்டின் குட்னா ஹோரா என்ற வெள்ளிச் சுரங்க நகரில் பார்பராவுக்குப் பேராலயம் கட்டத் தொடங்கியது 1388இல். வெடிக்கு ஏறத்தாழ 240 ஆண்டுகள் முன்பே சுரங்கத்தில் பக்தி இருந்திருக்கிறது. பாறை பிளந்து அடைக்கலம் கொடுத்த கதையும், மண் சரிந்தால் உள்ளேயே முடிந்துவிடும் வாழ்க்கையும் அதற்குப் போதும். பின்னால் வந்த வெடிமருந்து பீரங்கிக்காரனையும் சுரங்கக்காரனையும் இன்னும் நெருக்கமாகச் சேர்த்து வைத்தது, அவ்வளவுதான்.

போலந்தின் சிலேசியா நிலக்கரிப் பகுதியில் டிசம்பர் 4 பெரிய விழா. அதற்குப் பார்புர்கா என்று பெயர். விடியற்காலையில் சுரங்கத் தொழிலாளர் பேண்டு வாத்தியக் குழு தெருத்தெருவாகப் போய் ஊரை எழுப்பும். கறுப்புச் சீருடையும் இறகு செருகிய தொப்பியும் அணிந்து எல்லாரும் திருப்பலிக்குப் போவார்கள். ரயில் சுரங்கப்பாதை தோண்டுகிறவர்களும் இவரை விடவில்லை. சுவிட்சர்லாந்தில் 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் சுரங்கப்பாதை வேலையிலும் பார்பரா சுரூபத்துக்கு இடம் இருந்தது.

1969இல் இவரைப் புனிதர் பட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் உரோமைப் பொது நாள்காட்டியைச் சீரமைத்தபோது, வரலாற்று ஆதாரம் பலவீனமாக இருந்த பல திருநாள்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. பார்பராவின் டிசம்பர் 4 அவற்றில் ஒன்று. உலகம் முழுவதும் கட்டாயமாகக் கொண்டாடும் பட்டியலில் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். புனிதர் இல்லை என்று யாரும் அறிவிக்கவில்லை. உரோமை மறைசாட்சியர் நூலில் டிசம்பர் 4 அன்று இவர் பெயர் இன்னும் இருக்கிறது. உள்ளூர் ஆலயங்களும் படைகளும் விழா எடுக்கத் தடையில்லை. இவரோடு 1969இல் எடுக்கப்பட்ட இன்னொரு புனிதரான அலெக்சாந்திரியா கத்தரீனாவின் நினைவு 2002இல் பொது நாள்காட்டிக்குத் திரும்பிவிட்டது. பார்பராவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கீழைத் திருச்சபைகளில் இந்தக் கேள்வியே எழவில்லை, அவர்கள் எப்போதும் போலக் கொண்டாடுகிறார்கள்.

1969 முடிவால் படை முகாம்களில் விழா குறைந்ததா என்றால், இல்லை.

இன்று எந்தெந்தப் படைகள் கொண்டாடுகின்றன?

இத்தாலியில் 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவரைப் பீரங்கிப் படை, பொறியியல் படை, கடற்படை, தீயணைப்புப் படை ஆகியவற்றின் பாதுகாவலியாக முறைப்படி அறிவித்தார். அங்கே டிசம்பர் 4 அன்று தீயணைப்பு நிலையங்களிலும் திருப்பலி நடக்கும். பிரான்ஸிலும் தீயணைப்பு வீரர்களுக்கு இது பெரிய நாள். ஸ்பெயினில் பீரங்கிப் படையின் விழா, அதோடு அந்நாட்டின் பெரிய ஆயுதத் தொழிற்சாலை நிறுவனத்துக்கே சாந்தா பார்பரா என்றுதான் பெயர் வைத்தார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா பீரங்கிப் படைகளிலும் நாள் தவறாமல் விருந்து உண்டு. கத்தோலிக்கர் அல்லாத வீரர்களும் தயக்கமின்றிக் கலந்துகொள்வார்கள். பக்தியும் படைப்பிரிவின் குடும்பப் பாசமும் கலந்த நிகழ்ச்சி அது.

அமெரிக்காவில் இன்னொரு படி மேலே போனார்கள். பீரங்கிப் படையிலும் வான்பாதுகாப்புப் பீரங்கிப் படையிலும் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்குப் ‘புனித பார்பரா அணி’ என்ற கௌரவம் தருகிறார்கள். சிவப்பு நாடாவில் கோத்த பதக்கம். அதில் இரண்டு நிலைகள் உண்டு. நீண்டகாலம் தனிச்சிறப்போடு உழைத்த மிகச் சிலருக்கே மேல்நிலை. விருந்தில் பலவகை மதுவை ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கும் சடங்கும் நடக்கும். அதைக் குடித்தவர்கள் மறுநாள் காலை பார்பராவை வேண்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ரஷ்யாவில் அணு ஏவுகணைப் படைக்கும் இவரா பாதுகாவலி?

ஆம். சோவியத் ஒன்றியம் தன் தொலைதூர ஏவுகணைப் படையை நிறுவியது 1959 டிசம்பர் 17. நாத்திக அரசு, திருநாள் பார்த்து நாள் குறித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு டிசம்பர் 4 என்பது நம் கணக்கில் டிசம்பர் 17தான். சோவியத் கலைந்த பிறகு இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, 1990களில் பார்பராவை அந்தப் படையின் விண்ணகப் பாதுகாவலியாக ஏற்றுக்கொண்டார்கள். ஏவுகணை முகாம்களில் இவருடைய திருவோவியங்கள் இருக்கின்றன.

இது எனக்கு உறுத்துகிறது. பீரங்கிக்காரன் தன் பக்கத்தில் வெடிக்கக்கூடிய ஒன்றுக்கு அஞ்சி இவரை வேண்டினான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தையே எரிக்கும் ஆயுதத்துக்கு இவர் பெயரைச் சூட்டும்போது பழைய வேண்டுதலே தலைகீழாகிவிடுகிறது. ஆயத்தமில்லாத திடீர்ச் சாவு அங்கே யாருக்கு வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. இவருடையது என்று ஆர்த்தடாக்ஸ் மக்கள் வணங்கும் திருப்பண்டம் (உடலின் எச்சம்) இருப்பது மாஸ்கோவில் அல்ல, உக்ரைன் தலைநகர் கீவில். அங்கே பொற்குவிமாட மிக்கேல் மடத்தில் பல நூற்றாண்டுகள் இருந்தது. 1930களில் சோவியத் அரசு அந்த மடத்தின் பேராலயத்தை இடித்தது. திருப்பண்டம் இப்போது புனித வொலொதிமிர் பேராலயத்தில் இருக்கிறது. அந்தப் பேராலயத்தை நடத்தும் உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 2023 செப்டம்பரில் நாள்காட்டியை மாற்றிக்கொண்டது. ஆக கீவில் பார்பரா திருநாள் டிசம்பர் 4, மாஸ்கோவில் டிசம்பர் 17.

இந்திய இராணுவத்திலும் கொண்டாடுகிறார்களா?

இந்தியப் பீரங்கிப் படையின் நாள் வேறு. 1827 செப்டம்பர் 28 அன்று பம்பாய்ப் படையில் தொடங்கப்பட்ட பிரிவைத் தன் மூத்த பிரிவாகக் கருதுவதால், செப்டம்பர் 28தான் அங்கே பீரங்கிப் படை தினம். அதில் மதச் சார்பு கிடையாது.

செபஸ்தியார், மிக்கேல் போன்றவர்களும் படைகளுக்குப் பாதுகாவலர்கள்தானே?

ஆமாம், பிரிவுக்குப் பிரிவு ஆள் மாறும். அம்புகளால் துளைக்கப்பட்ட செபஸ்தியார் வில்லாளிகளுக்கு. மிக்கேல் அதிதூதர் பாராசூட் வீரர்களுக்கு. குதிரை மேல் நிற்கும் ஜார்ஜியார் குதிரைப் படைக்கும் அதன் வாரிசான டாங்கிப் படைக்கும். மௌரிசியார் காலாட்படைக்கு. செய்தி கொண்டுவந்த கபிரியேல் தூதர் தகவல் தொடர்புப் பிரிவுக்கு. இவர்களில் செபஸ்தியார், ஜார்ஜியார், மௌரிசியார் ஆகியோர் மரபுப்படி உரோமைப் படைவீரர்கள். பார்பராவுக்குப் படையோடு எந்தத் தொடர்பும் இல்லை.

சுரூபத்தையோ ஓவியத்தையோ பார்த்து இவர்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று சன்னல் உள்ள கோபுரத்தைத் தேடுங்கள். கையில் சின்னதாக இருக்கும், அல்லது பின்னால் பெரிதாக நிற்கும். குருத்தோலை, வாள், கிண்ணம், பீரங்கி ஆகியவை கூடுதல் அடையாளங்கள். குருத்தோலையும் வாளும் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள், வேறு மறைசாட்சியாகவும் இருக்கலாம். ட்ரெஸ்டன் நகரில் உள்ள ரஃபேலின் புகழ்பெற்ற சிஸ்டைன் மாதா ஓவியத்தில், கீழே சாய்ந்து நிற்கும் இரண்டு குட்டித் தூதர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அவர்களுக்கு மேலே வலப்பக்கம் கண்ணைத் தாழ்த்தி மண்டியிட்டிருப்பவர் பார்பரா. தோளுக்குப் பின்னால் கோபுரம் கொஞ்சம்தான் தெரியும்.

படைக்கு வெளியே வீடுகளில் ஏதாவது வழக்கம் உண்டா?

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் டிசம்பர் 4 அன்று செர்ரி மரக்கிளை ஒன்றை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் பூத்தால் நல்ல சகுனம். லெபனான், சிரியா, பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை, உலர்பழம், மாதுளை முத்து சேர்த்து உண்பார்கள். லெபனானில் பிள்ளைகள் மாறுவேடம் போட்டு வீடு வீடாகப் போவதும் உண்டு. தந்தையிடமிருந்து தப்ப பார்பரா வேடம் மாற்றிக்கொண்டார் என்று அங்கே கதை. கியூபாவிலோ ஆப்பிரிக்க வழிபாட்டு மரபின் இடி தெய்வமான சாங்கோவையும் இவரையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள்.

கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரம்?

இவர் பெயர்தான். 1602 டிசம்பரில் ஸ்பானியக் கடலோடி செபஸ்தியான் விஸ்கையீனோவின் கப்பல்கள் திருநாளை ஒட்டி அந்தக் கடல்வழியாகப் போனபோது வைத்தது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரே இடம்தான் போக முடியும் என்றால் குட்னா ஹோரா. பிராகிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கூடாரங்கள் போல மூன்று கூரைகள் உயர்ந்து நிற்கும் ஆலயம். வெள்ளி தீர்ந்தது, போர் வந்தது, வேலை பலமுறை நின்றது. 1388இல் தொடங்கியது 1905இல்தான் முடிந்தது. 1995 முதல் அந்நகரம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பல சுற்றுலாப் பயணிகள் அந்த ஊரின் எலும்புக்கூட்டு ஆலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பார்பரா ஆலயத்துக்குள் வெள்ளை அங்கி அணிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சிலை விளக்கோடு நிற்கிறது, பக்கத்துச் சிற்றாலயங்களில் நாணயம் அடிக்கிறவர்களின் சுவரோவியங்கள் இருக்கின்றன. பீரங்கிகளோடு பார்க்க வேண்டுமென்றால் வெனிஸ் போய் சாந்தா மரியா ஃபொர்மோசாவுக்குள் நுழையுங்கள்.